கதவைத் திறந்தது யார்?
சவூதி இணையத் தொடர்கள் குறித்துச் சில குறிப்புகள்

திரையரங்கே இல்லாத ஊரில் சினிமா எடுக்க ஆசைப்படுகிறான் ஒரு பையன். 2012இல் ஜெத்தாவிலிருந்து யூடியூபில் வெளிவரத் தொடங்கிய ‘தக்கி’ தொடரின் மையம் இவ்வளவுதான். முகம்மது மக்கி இயக்கினார். யூடர்ன் என்கிற ஜெத்தா நிறுவனம் தயாரித்தது. மாலிக் என்கிற அந்தப் பையனும் அவன் சேக்காளிகளும் பேசுகிறார்கள், சுற்றுகிறார்கள், காதலிக்கப் பார்க்கிறார்கள். நம்மூர் கல்லூரிக் கதைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘இதுல என்னய்யா இருக்கு?’ என்றுதான் தோன்றும். அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

‘பழமைவாதச் சமூகம்’ என்று எழுதுகிறபோது, பாலைவனம் தோன்றிய நாள்முதல் அது அப்படியே இருந்ததுபோல ஒரு பிம்பம் நம் மனசில் விழுந்துவிடுகிறது. சவூதியின் மரபு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்கு வயது அரை நூற்றாண்டுகூட இல்லை. 1960களிலும் 70களிலும் ஜெத்தாவில் முற்றங்களில் திரை கட்டிப் படம் காட்டியிருக்கிறார்கள். 1979 நவம்பர் 20 அன்று ஜுஹைமான் அல் உதைபியின் ஆட்கள் மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றினார்கள். அரச குடும்பம் ஊழலில் சீரழிந்துவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. 1980 ஜனவரியில் 63 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கலகக்காரர்களின் தலையை எடுத்த அரசு, அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைத் தூக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. மதகுருக்களுக்கு அதிகாரம் கூடியது. 80களின் தொடக்கத்தில் படக்காட்சிகள் நின்றன. ஆண், பெண் பிரிப்பு இறுகியது. ஆக, ‘மரபு’ என்பது முடியாட்சி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த பேரத்தின் விலை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தத் தொடர்களின் வடிவம் அந்தச் சுவர்களிலிருந்து பிறந்தது. உணவகத்தில் ‘தனி ஆண்கள்’ ஒரு வாசல், ‘குடும்பங்கள்’ இன்னொரு வாசல். வணிக வளாகத்துக்குள் தனியாக வரும் பையன்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் உண்டு. போக்கிடம் என்று மிஞ்சியது இரண்டு: ஊருக்கு வெளியே வாடகைக்குக் கிடைக்கும் இஸ்திராஹா, அப்புறம் கார். பொதுவெளி என்று ஹேபர்மாஸ் சொன்ன காப்பிக் கடை அங்கே கைப்பேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 2005இல் ராஜா அல்சானிஆ எழுதி பெய்ரூட்டில் வெளியான ‘ரியாத்தின் பெண்கள்’ நாவலில், பெயர் சொல்லாத ஒருத்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் நான்கு தோழிகளின் கதையை மின்னஞ்சலாக ஊருக்கே அனுப்புகிறாள். வாராவாரம் திட்டியும் கெஞ்சியும் பதில்கள் வருகின்றன. சவூதி இணையத் தொடர் முதலில் ஒரு நாவலின் கற்பனையாகத்தான் எழுதப்பட்டது என்றால் மிகையில்லை. கேமரா பிற்பாடு வந்தது.

தொலைக்காட்சியில் அதுவரை எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1993இல் தொடங்கிய ‘தாஷ் மா தாஷ்’ ரமலான் மாதந்தோறும் அதிகாரிகளையும் மதகுருக்களையும் கேலி செய்துகொண்டிருந்தது. ஆனால் அது பெரியவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்த கேலி. 2010க்குப் பிறகு வந்தவை வேறு: ஃபஹத் அல்புதைரியின் ‘லா யக்தர்’, 2011இல் உருவான தெல்ஃபாஸ்11 குழுவின் நிகழ்ச்சிகள், ‘மசாமீர்’ கேலிச்சித்திரத் தொடர். தனித்தனியாகக் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கூட்டமாகச் சிரித்தார்கள்.

இங்கே ஒரு எல்லைக்கோடு தெரிகிறது. 2011 அக்டோபரில் ஃபிராஸ் புக்னா என்ற இளைஞர் தன் தொடரின் ஓர் அத்தியாயத்துக்காக ரியாத்தின் ஏழைக் குடியிருப்பொன்றுக்குள் கேமராவோடு போனார். வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை. கேட்டது இவைதான். அவரையும் உடனிருந்த இருவரையும் பிடித்து இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். காதலைப் பேசியவர்கள் மேல் மதகுருக்கள் எரிந்து விழுந்தார்கள், அவ்வளவுதான்; வறுமையைப் பேசியவர் சிறைக்குப் போனார். நம் விமர்சகர்கள் ‘துணிச்சலான படைப்பு’ என்று எழுதும்போது எப்போதும் உடலையும் காதலையும்தான் பார்க்கிறார்கள். அரசின் கண்ணோ வாடகை ரசீதைப் பார்க்கிறது. அதே ஆண்டு பத்ர் அல்ஹமூத் எடுத்த ‘மோனோபொலி’ குறும்படம் கொஞ்சம் சாமர்த்தியமாக இதைக் கடந்தது. நகரத்துக்குள் நிலத்தை வளைத்துப்போட்டுச் சும்மா வைத்திருப்பவர்களால் இளைஞனுக்கு வீடு எட்டாமல் போவதைப் போலி ஆவணப்பட வடிவில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது.

‘இளைஞர்’ என்ற சொல்லையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி சவூதி குடிமக்களில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே. சரிதான். அதே கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 3 கோடியே 22 லட்சம், அதில் 41.6 சதவீதம் பேர் குடிமக்களே அல்ல. அவர்களிலும் இளைஞர்கள் உண்டு. இந்தத் தொடர்களின் நாயகர்கள் அவர்களல்லர்.

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் ஜெத்தாவில் ஒரு வீட்டில் பதினோரு வருஷம் டிரைவராக இருந்தார். பெண்கள் வண்டி ஓட்டத் தடை என்பதால்தான் அப்படியொரு வேலையே அங்கே லட்சக்கணக்கில் இருந்தது. இதை யோசித்துப் பாருங்கள். உறவல்லாத ஆணும் பெண்ணும் ஒரு மேசையில் உட்காரக் கூடாது என்று சட்டமும் முத்தவ்வாக்களும் காவல் நின்ற ஊரில், ஒரு பெண் தினமும் அந்நிய ஆணோடு மூடிய காருக்குள் பயணம் செய்கிறாள். யாருக்கும் உறுத்தவில்லை. ஏன்? அவர் ஆணாகவே கணக்கில் இல்லை. “வண்டிக்குள்ள நானும் ஒரு ஸ்டியரிங் மாதிரிதான் தம்பி. போன்ல அந்தப் புள்ள சிரிக்கும், அழும், எல்லாம் காதுல விழும். எனக்கு அரபி தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே பேசும்” என்றார். மற்றமை குறித்து எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த ஸ்டியரிங் அளவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சவூதி இளைஞர்களின் அந்தரங்கத்துக்கு மிக நெருக்கமான சாட்சி முன்சீட்டில் இருந்திருக்கிறார், காது கேட்காதவராக. அவர் பார்வையிலிருந்து ஒரு தொடர் எடுத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டேன். “யாரு பாப்பா?” என்றார்.

2013 அக்டோபர் 26இல் பெண்கள் தடையை மீறி வண்டி ஓட்ட அறைகூவல் விடுத்தார்கள். அன்றுதான் ஹிஷாம் ஃபகீஹ் பாப் மார்லியின் பாட்டைத் திருப்பிப்போட்டுப் பாடிய ‘நோ வுமன், நோ டிரைவ்’ வெளிவந்து உலகமெல்லாம் சுற்றியது. வண்டி ஓட்டினால் பெண்ணின் சூலகத்துக்குக் கேடு என்று ஒரு மதகுரு கொஞ்ச நாள் முன்பு சொல்லியிருந்ததை அது நக்கலடித்தது. அதற்கு முன்பே ஹைஃபா அல் மன்சூர் தன் ‘வஜ்தா’ படத்தின் தெருக்காட்சிகளை வேனுக்குள் ஒளிந்துகொண்டு, வாக்கி டாக்கி வழியாக இயக்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள், கேலி செய்தவர்கள், ஒளிந்திருந்து எடுத்தவர்கள் என்று அன்றைக்கு ஒரு சின்னக் கூட்டமே இருந்தது.

பிறகு கதவு திறந்தது. 2016 ஏப்ரலில் முத்தவ்வாக்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டது; அடுத்த மாதமே கேளிக்கைக்கென்று ஓர் ஆணையம் அமைந்தது. 2018 ஏப்ரல் 18இல் ரியாத்தில் ‘பிளாக் பேந்தர்’ படத்தோடு திரையரங்கு திரும்பியது. ஜூன் 24இல் பெண்கள் வண்டி ஓட்டினார்கள். 2019 டிசம்பரில் உணவகங்களுக்கு இரட்டை வாசல் கட்டாயமில்லை என்றானது. ஃபூக்கோவை இங்கே இழுக்காமல் முடியவில்லை, மன்னிக்கவும். அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, உற்பத்தியும் செய்கிறது என்றார் அல்லவா? அது இங்கே உற்பத்தி செய்தது இன்பத்தை. கூடவே, அந்த இன்பத்தை இளவரசர் தந்தார் என்கிற கதையாடலையும்.

அந்தக் கதையாடலுக்கு இடைஞ்சலாக இருந்தவர்கள் யார்? ஏற்கெனவே கேட்டவர்கள். 2014இல் எல்லையில் வண்டியோடு வந்து 73 நாள் சிறையிருந்த லுஜைன் அல் ஹத்லூல், தடை நீங்குவதற்குச் சில வாரம் முன்பு, 2018 மே மாதம், மறுபடி கைதானார். 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். அவருடைய அப்போதைய கணவர், ‘லா யக்தர்’ புகழ் அல்புதைரி, அதே 2018இல் ஜோர்டானிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நாட்டையே சிரிக்க வைத்த அந்தக் குரல் அடங்கியது. கேட்டதால் கிடைத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது; கொடுத்ததால் கிடைத்தது என்றே வரலாறு எழுதப்பட வேண்டும். 1979இல் கலகக்காரனிடமிருந்து தடையை எடுத்துக்கொண்ட கை, 2018இல் கோரிக்கை வைத்தவளிடமிருந்து விடுதலையை எடுத்துக்கொண்டது. வித்தை ஒன்றுதான்.

இதனால் அந்த இளைஞர்கள் விலைபோய்விட்டார்கள் என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. ‘தக்கி’ நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனது. தெல்ஃபாஸ்11 2020இல் அதே நிறுவனத்தோடு எட்டுப் படங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அந்தக் குழுவின் அலி கல்தமி 2023இல் எடுத்த ‘மந்தூப்’ என்ன பேசுகிறது? வேலை பறிபோய், ராத்திரியெல்லாம் ரியாத்தில் காரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவன், கள்ளச் சாராய விற்பனையில் போய் விழுகிறான். புதிய சவூதியின் பளபளப்புக்கு நடுவில் பணமில்லாத ஒரு சவூதிக்காரன். புக்னா 2011இல் காட்டிய வறுமை, கதை என்கிற சலுகையோடு திரும்பி வந்திருக்கிறது. மறுபக்கம், ‘மசாமீர்’ படைப்பாளிகளில் ஒருவரான அப்துல்அசீஸ் அல் முசைனி, தனக்கு 13 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதாக 2024இல் காணொளியில் தானே வந்து சொன்னார். அந்தக் காணொளியும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது.

அண்ணன் 2019இல் ஊருக்கு வந்துவிட்டார். வீட்டு மகள் லைசென்ஸ் எடுத்ததும் டிரைவர் தேவைப்படவில்லை. கடைசி இரண்டு மாதம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கப் பழக்கியது அவர்தான். “நல்லாத்தான் ஓட்டுச்சு. ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் பயம்” என்றார்.