சர்வகலாசாலை வாயிலும் எமது கரையும்

உயர்தரப் பரீட்சை முடிவு வெளிவரும் நாளிலே எமது கரையில் இருவகை வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டார் பொங்கல் பொங்கிக் கோயிலுக்குச் செல்வர். மற்ற வீட்டார் விளக்கேற்றவும் மறந்து வாளாவிருப்பர். முதல் வகை வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். ஆனால் இரண்டாம் வகை வீடுகளே தொகையில் அதிகம். இவ்விரண்டுக்கும் இடையிலான மதில் எவ்வாறு எழுந்தது என்பதைச் சரித்திர வாயிலாக நோக்குவது இளைஞராகிய எமக்கும், எம்மை வழிநடத்தும் பெரியோர்க்கும் நன்மை தரும் என நம்புகிறேன்.

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்தவர் மயில்வாகனனார். பின்னாளில் சுவாமி விபுலானந்தர் என உலகம் போற்றியவர் அவரே. கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். அக்காலத்தில் இலங்கையிலே சர்வகலாசாலை இல்லை. கொழும்பில் சர்வகலாசாலைக் கல்லூரி 1921இல்தான் தோன்றியது. அதற்கு ஓராண்டு முன்னரே, ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டு வெளிவாரியாகப் படித்து, இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தை அவர் பெற்றுவிட்டார். 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை உருவாயிற்று. அடுத்த ஆண்டிலே அதன் முதற் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். வாயில் இல்லாத காலத்திலே வழிகண்டவர், வாயில் திறந்தபோது ஆசானாகவே உள்ளே சென்றார்.

ஆயினும் அவ்வாயில் மிகக் குறுகியது. தொடங்கியபோது அங்கே பயின்றவர் இலங்கை முழுவதற்குமாக 904 பேரே. போதனை ஆங்கிலத்தில் நடந்தது. நல்ல ஆங்கிலப் பாடசாலை அருகில் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

அதே 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஜனாப் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே பிறந்து, இந்துக் கல்லூரியிலே படித்த முஸ்லிம் பெரியார் இவர். சுவாமிகளோடு நட்புப் பூண்டவர். யுத்தகால உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்டவர், வயலோடு கல்வியையும் கவனித்தார். இங்கே முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை நிறுவினார். பின்னர் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அமைத்தார். வறுமையால் வாயிலை அடைய முடியாத மாணவருக்கு அந்நிதி கைகொடுத்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பின்னர் தாய்மொழிக் கல்வியும் பரவியது. படித்த பிள்ளைகள் பல்கிப் பெருகினர். சர்வகலாசாலை இடங்களோ அவ்வாறு பெருகவில்லை. போட்டி முற்றியதன் காரணம் இதுவே.

1971ஆம் ஆண்டு அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளிகள் போதுமாயின. தமிழ் மொழியில் எழுதியவருக்கோ 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. இவ்வநீதி இந்து மாணவரையும், அவர் பக்கத்து மேசையில் தமிழிலே எழுதிய முஸ்லிம் மாணவரையும் ஒருங்கே தாக்கியது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இதனால் இடமிழந்தனர். ஆய்கூட வசதி குன்றிய எம்போன்ற மாவட்டங்களுக்கோ வாயில் சற்றே அகன்றது. ஒரே மொழி பேசுவோருள் ஒரு பகுதியார்க்குக் கேடாகவும் மறு பகுதியார்க்கு உதவியாகவும் அமைந்த ஏற்பாடு அது. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

மொழிவாரித் தரப்படுத்தல் 1977இன் பின் கைவிடப்பட்டது. இன்று நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டச் சனத்தொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அம்பாறையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. வந்தாறுமூலையில் 1981இலும், அட்டாளைச்சேனையில் 1995இலும் தொடங்கிய கல்லூரிகள் முறையே கிழக்குப் பல்கலைக்கழகமாகவும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தன. அப்படியிருந்தும், தகுதி பெறுவோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே இடம் கிடைக்கின்றது.

ஏனைய மூவரின் கதி என்ன? மிஷன் பாடசாலையொன்றில் கணிதப் பிரிவிலே என்னுடன் படித்தவர் பதின்மூவர். நானும் வேறிருவரும் உள்ளே சென்றோம். ஒருவன் தகப்பனாரின் வயலைப் பார்க்கிறான். இருவர் கட்டாரில் வேலை செய்கின்றனர். வகுப்பிலே எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவனோ மூன்று தடவையும் எழுதி, கடைசியிலே தசமப் புள்ளிக்குப் பின்வந்த இலக்கங்களால் இடமிழந்தான். இப்போது மாலையிலே சிறுவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறான். அவனிடம் படித்த இருவர் இவ்வருடம் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாயினர். ஆனால் கோயில் திருவிழாவிலே அவனைக் காண முடிவதில்லை. காரணம் கேட்டேன். “வாற பெரியாக்கள் எல்லாரும், ‘என்ன தம்பி, கம்பஸ் கிடைக்கல்லையா?’ எண்டுதான் கேக்கிறாங்க மச்சான்” என்றான்.

பெரியோர்களே! அன்பினாற் கேட்கும் கேள்விதான்; எனினும் அது ஒரு பிள்ளையைச் சந்நிதானத்திலிருந்தே விலக்கி வைக்கின்றது. இடங்களின் தொகையைக் குறைத்தது அவன் செய்த குற்றமன்று. அயலூர்ச் சகோதரனின் குற்றமுமன்று.

எமது சங்கம் ஒவ்வோர் ஆண்டும் சர்வகலாசாலை புகுவோரைப் பாராட்டுவது நன்றே. அத்துடன் இரண்டு காரியங்களையும் மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வெளிவாரிப் பட்டமும் தொழிற்கல்வியும் பயில விரும்புவோர்க்குச் சிறு உதவிநிதி ஒன்று வேண்டும். பாராட்டு மேடையிலே, பிறரைக் கரையேற்றும் இளம் ஆசிரியர்க்கும் ஓர் ஆசனம் வேண்டும். வெளிவாரியாகவே பட்டம் பெற்ற ஒரு பெருமகனைப் பெற்ற கரை இது. உள்ளே சென்றவனை மட்டும் மகன் என்று கொண்டாடினால், அவருடைய சரித்திரத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்றே பொருள்படும்.