புண்ணின் மூச்சை அளந்த வரலாறு

கொல்கத்தாவில் வாழும் நம்மவருள் ஹௌரா பாலத்தைக் கடவாதவர் இரார். 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலத்திற்கு ஹூக்ளி நதியின் களிமண்ணில் அடித்தளம் இறக்கியபோது, தொழிலாளர் அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளுக்குள் நின்று பணிபுரிந்தனர். நீர் உட்புகாதபடி அக்காற்றே தடுத்து நின்றது. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஆறாத புண்களைப் பற்றியாயினும், அந்த வரலாறு தொடங்குவது இத்தகைய பாலங்களின் அடியிலேதான்.

அமெரிக்காவில் புரூக்ளின் பாலம் எழுந்துகொண்டிருந்தபோது, ஆற்றடி அறைகளிலிருந்து மேலே வந்த தொழிலாளர் மூட்டு நோவால் துடித்தனர்; சிலர் மாண்டனர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே 1872-இல் அந்நோய் வீழ்த்திற்று. அவர் வீட்டுச் சன்னலருகே அமர்ந்து தொலைநோக்கியால் பணியைக் கண்காணிக்க, அவர்தம் மனைவியார் எமிலி கட்டளைகளைச் சுமந்து சென்று பாலத்தை முடிப்பித்தார். நோயின் காரணத்தை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரெனக் குறையும்போது குமிழிகளாகக் கொப்பளிக்கிறது என 1878-இல் வெளியிட்ட பெருநூலில் அவர் நிலைநாட்டினார். மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் பிராணவாயு வலிப்பை உண்டாக்கும் என்று எச்சரித்தவரும் அவரே. அமுதும் அளவுக்கு மீறினால் நஞ்சு என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் எச்சரிக்கையைக் காட்டிலும் ஆர்வம் விரைந்து ஓடிற்று. 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலின்போது கன்சாஸ் நகர மருத்துவர் ஆர்வல் கன்னிங்ஹாம் நோயாளிகளை அழுத்தக் காற்றறையில் வைத்துப் பார்த்தார். பின்னர் நீரிழிவு, மூட்டுவாதம், புற்றுநோய் என எந்நோய்க்கும் அதுவே மருந்து என்றார். செல்வர் ஒருவரின் பொருளுதவியால் 1928-இல் கிளீவ்லாந்தில் 64 அடி விட்டமுள்ள எஃகுப் பந்து வடிவில் ஒரு மருத்துவமனையே எழுந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் சான்று கேட்டது. அவரிடம் சான்று இல்லை. அந்த எஃகுப் பந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்பாக உடைபட்டது. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. எனினும் அச்சிகிச்சை முறையே சில காலம் நகைப்புக்கிடமாயிற்று என்பதுதான் உண்மையான இழப்பு.

மீட்சி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. ஈடே பூரேமா என்னும் ரண சிகிச்சையாளர், பன்றிகளின் இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பின்னும், மூன்று வளிமண்டல அழுத்தத்தில் பிராணவாயு ஊட்டி அவற்றை வாழவைத்துக் காட்டினார். இது 1960-இல் வெளியாயிற்று. இயல்பான காற்றைச் சுவாசிக்கையில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் பிராணவாயு சுமார் 0.3 மில்லிலிட்டரே. மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் அது 6 மில்லிலிட்டர் அளவுக்கு உயர்கிறது. ஓய்ந்திருக்கும் உடலின் தேவைக்கு இது போதும். அடுத்த ஆண்டே புரூம்மெல்காம்ப் இம்முறையால் வாயு அழுகல் நோயாளிகளைப் பிழைக்கவைத்ததை அறிவித்தார். 1965-இல் ஜப்பானிய மருத்துவர் வாதா, நச்சுவாயு தாக்கிய சுரங்கத் தொழிலாளருக்கு இச்சிகிச்சை அளித்தபோது, அவர்களுடைய தீப்புண்களும் விரைந்து ஆறக் கண்டார்.

புண் ஆறுகிறதா என்பதை எங்ஙனம் அறிவது? கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பில் பார்ப்பவரின் விருப்பமும் கலந்துவிடும். இதை முன்னரே உணர்ந்தவர்கள் முதல் உலகப் போரில் பிரான்சின் காம்பியேன் மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சிஸ் காரெலும் லெகோந்த் து நூயியும் ஆவர். படைவீரரின் புண்மீது ஒளி ஊடுருவும் தாளை வைத்து விளிம்பை வரைந்து, பரப்பளவைக் கருவியால் கணித்தனர். அவ்வாறு சில நாட்கள் அளந்ததைக் கொண்டு, புண் எந்நாளில் மூடும் என முன்கூட்டிச் சொல்லும் சூத்திரத்தையும் து நூயி 1916-இல் வகுத்தார். குண்டுகள் வெடிக்கும் போர்க்களத்திற்கு அருகே இத்துணைப் பொறுமை!

ஆயினும் தாளும் பென்சிலும் புண்ணின் பரப்பைச் சொல்லுமேயன்றி, அதன் உயிர்ப்பைச் சொல்லா. வெள்ளணுக்கள் கிருமியோடு போரிடவும், புதிய தசைக்கு வலுவூட்டும் கொலாஜன் இழை உருவாகவும் பிராணவாயு இன்றியமையாதது. அது புண்ணைச் சென்றடைகிறதா என்பதே கேள்வி. அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் பிராணவாயுவை அளக்கும் மின்முனையை 1956-இல் வெளியிட்டார். ஜெர்மானியரான ஹூக் தம்பதியர் 1970-களில் அதனைத் தோல்மீது ஒட்டி, சற்றே சூடேற்றி, ஊசி குத்தாமலே பச்சிளங்குழந்தைகளின் பிராணவாயு நிலையை அறிந்தனர். பிறகு அக்கருவி நீரிழிவு நோயாளியின் பாதத்திற்கும் வந்தது. அழுத்த அறைக்குள் சிகிச்சை நடக்கும்போதே புண்ணருகே அளந்து, 200 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினால் புண் ஆறும் வாய்ப்பு நன்றென்று கொள்ளும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

ஆனால் மின்முனை காசளவு இடத்தை மட்டுமே அறியும். அதுவும் புண்ணின்மீதன்று, புண்ணின் அருகே. முழுப் பரப்பையும் காட்ட ஒளிப்படம் வேண்டும். இதற்கான வித்து 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்புக் கதிரைக் கண்டபோதே விழுந்துவிட்டது. பிராணவாயு ஏந்திய இரத்தமும் அதனை இழந்த இரத்தமும் ஒளியை வெவ்வேறு வகையில் உறிஞ்சுகின்றன. சிவப்பை அடுத்த அகச்சிவப்புக் கதிர்கள் திசுவை ஊடுருவி இவ்வேறுபாட்டைக் காட்டும் என்று 1977-இல் பிரான்ஸ் யோப்சிஸ் நிறுவினார். இன்று கையடக்கக் கருவிகள் புண்ணையும் சுற்றுத் தோலையும் ஒரே நொடியில் படம்பிடித்து, பிராணவாயு மிகுந்த இடத்தைச் செந்நிறமாகவும் குறைந்த இடத்தை நீலமாகவும் வண்ணப்படமாய்த் தருகின்றன. தூய பிராணவாயுச் சூழலில் சிறு பொறியும் பெருந்தீயாகும். 1997-இல் மிலான் நகரில் அத்தகைய அறையொன்றில் மூண்ட தீ 11 உயிர்களைக் குடித்தது. ஆகவே இப்படங்கள் பெரும்பாலும் அறைக்கு வெளியே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படுகின்றன.

நம்மவர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒளியால் அளக்கும் கருவிக்குத் தோலின் நிறமும் ஒரு திரை. விரலில் மாட்டும் பிராணவாயுமானி கருநிறத்தோர்க்கு உள்ளதைவிட மிகுத்துக் காட்டிய குறையை 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்திற்று. அகச்சிவப்பில் இத்தொல்லை குறைவெனினும் முற்றும் நீங்கிவிடவில்லை. வெண்தோலில் சரிபார்த்த கருவியை நம் பாதத்திற்கு அப்படியே நம்புவது தகாது.

சிகிச்சையின் பயன் குறித்தும் வழக்கு இன்னும் முடியவில்லை. ஸ்வீடனில் 94 நீரிழிவு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குப் பிராணவாயுவும் மறுசாராருக்கு அதே அறையில் வெறுங்காற்றும் அளித்தனர். ஓராண்டில் முன்னவருள் 52 சதவீதத்தினருக்கும் பின்னவருள் 29 சதவீதத்தினருக்கும் புண் ஆறியதாக 2010-இல் வெளியிட்டனர். 2018-இல் நெதர்லாந்து ஆய்வு 120 பேரிடம் திட்டமான வேறுபாடு காணவில்லை. பலர் சிகிச்சையை நடுவிலேயே நிறுத்திவிட்டதும் அங்கே ஒரு குறை. நம் கருத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி ஸ்வீடன் நோயாளிகளைப் பற்றிய மற்றொரு அளவீட்டில் இருக்கிறது. பாதத்தில் பிராணவாயு 25 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தவர்களுள் இச்சிகிச்சையால் ஒருவருக்கும் புண் ஆறவில்லை. 75-ஐக் கடந்தவர் அனைவருக்கும் ஆறிற்று.

மும்பையின் கொலாபாவில் உள்ள கடற்படை மருத்துவமனையான அஸ்வினியிலும், நாட்டின் பல தனியார் மருத்துவமனைகளிலும் இத்தகைய அறைகள் இயங்குகின்றன. ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். வாரத்திற்கு ஐந்து நாட்களாக முப்பது, நாற்பது அமர்வுகள் வரை நீளும். அந்நிய ஊரில் தினக்கூலியை இழந்து காத்திருக்கும் ஒருவருக்கு இது சிறிய செலவன்று. ஆதலின், முதல் அமர்வுக்கு முன்னே பாதத்தின் பிராணவாயு அளக்கப்பட்டதா, எந்த எண் வந்தது, சில அமர்வுகளுக்குப் பின் அது எங்கே நிற்கிறது என்று மருத்துவரிடம் நேரே கேட்கலாம். எண்ணை ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொண்டால், ஊர் மாறிச் செல்லும்போதும் அடுத்த மருத்துவர் தொடக்கத்திலிருந்தே தேட நேராது.