மெய்ப்புத் தாளின் ஓரம்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், காலி எனப்படும் நீள்தட்டில் அடுக்கிய எழுத்துகளின் மீது மை தடவி எடுத்த சோதனைப் படிக்கு 'மெய்ப்பு' என்று பெயர். அச்சகத்தார் அதைப் புரூஃப் என்றே சொல்வர். நூலாசிரியர் பிழையான எழுத்தை அடித்து, அதே வரிக்கு நேராக ஓரத்தில் திருத்தக் குறியை இடுவார். அச்சுக்கோப்பவர் மாற்றிக் கொடுத்த இரண்டாம் மெய்ப்பு முதலாவதோடு ஒப்புநோக்கப்பட்டு, 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே எந்திரம் ஓடும். யார், எங்கே, எந்தச் சுற்றில் சொன்னார் என்ற மூன்றுக்கும் அந்தத் தாளே சான்று. அதற்குப் பின் வரும் திருத்தத்துக்குத் தனிக்கூலி கேட்கவும் அதுவே கைகொடுத்தது.

இணையதள வடிவமைப்பு 1990களில் தனித்தொழிலானபோது இந்த ஒழுங்கு உடன் வரவில்லை. வாய்ப்பு இல்லாமல் போகவில்லை என்பதுதான் வியப்பு: இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் உருவாகி 1993இல் வெளியான மொசைக் உலாவியில், பார்க்கும் பக்கத்தோடு குறிப்பைச் சேர்த்துவைக்கும் வசதி இருந்தது; பின்னர் பரவிய உலாவிகள் அதைத் தொடரவில்லை. ஆகவே வாடிக்கையாளரின் கருத்து பக்கத்தை விட்டு விலகி, மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் சிதறியது. 'மேலே உள்ள நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது' என்ற ஒரு வரி எந்தப் பக்கத்தின் எந்த நீலத்தைச் சுட்டுகிறது என்று தேடுவதே தனி வேலையாயிற்று. 'இறுதி', 'இறுதி 2' என்று கோப்புகள் பெருகின.

சிகாகோவில் 1999இல் தொடங்கிய 37சிக்னல்ஸ் என்னும் வடிவமைப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர் பணிகளை ஒழுங்குபடுத்தத் தானே செய்துகொண்ட கருவியை 2004இல் பேஸ்கேம்ப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தி, பணிப் பட்டியல், கெடு ஆகியவை ஓரிடத்தில் திரண்டன. அந்நிறுவனம் பின்னர் பிறருக்குத் தளம் அமைக்கும் தொழிலையே விட்டு அக்கருவியை நம்பியது என்பது சிக்கலின் பரப்பைக் காட்டப் போதுமானது. எனினும் கருத்துகள் ஓரிடத்தில் சேர்ந்தனவே தவிர, உரிய இடத்தில் ஒட்டவில்லை. 2011இல் வந்த இன்விஷன், 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா ஆகிய வடிவமைப்புக் கருவிகள், வரைவின் மீதே புள்ளி வைத்து அங்கேயே கருத்தெழுதுவதைத் தொழில் வழக்கமாக்கின.

தொலைந்த ஓரம் இவ்வாறு மீண்டது. கையொப்பத்தின் உறுதி மீண்டதா என்பது ஐயமே, ஏனெனில் தளம் வெளியான பிறகும் மாற்றலாம் என்பதை வாடிக்கையாளர் நன்கறிவார். மெய்ப்புத் தாளையாவது பரணில் போட்டுவைக்கலாம். கருவியில் எழுதிய கருத்தோ கருவியோடு போய்விடக்கூடும்: இன்விஷன் தன் வடிவமைப்புச் சேவைகளை 2024 ஆண்டிறுதியோடு மூடிவிட்டது.