சராசரி மரம்

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டினார். கன்று நட்டு ஐந்தாறு வருடம் கழிந்ததும் கிராணி வந்து சுற்றளவை அளப்பாராம். "இருபது இஞ்சு வந்துட்டா நிரைய தொறந்துருவாங்க. நாலு மரத்த அளந்தா போதும், மத்ததும் அப்படித்தான்னு எழுதிட்டுப் போயிருவாரு" என்பார். எல்லாம் ஒரே சமயத்தில் நட்ட, ஒரே இன மரங்கள். அங்கே சராசரி பெரிதாகப் பொய் சொல்லாது.

காட்டின் வளர்ச்சியைக் கணக்கிட முயன்றவர்களும் இங்கேதான் தொடங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் விளைச்சல் அட்டவணைகள் வந்தன: இன்ன மண்ணில், இன்ன வயதில், இவ்வளவு மரம் கிடைக்கும். ஒரே வயது மரங்கள் நிற்கும் நடவுக் காட்டுக்கு அது போதும். நம் காட்டில் ஒரு ஹெக்டேரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். மெரந்தியை அறுத்துப் பார்த்தாலும் வயதைச் சொல்லும் நம்பகமான ஆண்டு வளையம் இருக்காது. வயதே தெரியாத காட்டுக்கு எப்படி அட்டவணை போடுவது?

அடுத்த வழி, வயதை விட்டுப் பருமனைப் பிடிப்பது. விட்டத்தின்படி மரங்களை வகுப்புகளாகப் பிரித்து, சில ஆண்டுகளில் எத்தனை மேல்வகுப்புக்கு ஏறும், எத்தனை சாகும் என்று பார்ப்பது. 1966இல் அஷர் இதை அணிக் கணிதமாக எழுதிக் காட்டினார். ஆனால் யார் நிழலில் யார் நிற்கிறார் என்பது இதில் வராது.

மூன்றாவது வகையில் ஒவ்வொரு மரமும் தனி ஆள். 1972இல் ஜானக், பாட்கின், வாலிஸ் மூவரும் ஜபோவா என்ற கணினி மாதிரியை வெளியிட்டார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயர். பெரிய மரம் விழுந்தால் வெளிச்சம் இறங்கும். காத்துக் கிடந்த கன்றுகள் மேலேறும். 1991இல் போசலும் கிரீகரும் மலேசியத் தாழ்நிலக் காட்டுக்கென்றே ஃபார்மிக்ஸ் மாதிரியை எழுதினார்கள். இதில் மரங்கள் தனித்தனி ஆளாக வராது. நாற்று முதல் உச்சி மரம் வரை ஐந்து அடுக்குகளாக வரும். மேலடுக்கு விட்டுவைத்த வெளிச்சம்தான் கீழடுக்குக்கு.

இதெல்லாம் ஆய்வாளர் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1978இல் தீபகற்ப மலேசியாவில் வந்த தேர்வு வெட்டு முறையைப் படித்தபோது அந்த எண்ணம் போனது. ஒருமுறை வெட்டினால் 30 ஆண்டு காத்திருந்து மறுபடி வெட்டலாம் என்றார்கள். விற்கக்கூடிய மரங்களின் விட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 0.8 செ.மீ. கூடும் என்ற அனுமானம் இதன் அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. மரம் 30 ஆண்டில் 54 ஆகும். மெரந்தி வகை மரங்களுக்கான 50 செ.மீ. வரம்பைத் தாண்டிவிடும். அதே மரம் 0.5 மட்டுமே வளர்ந்தால் 45தான். லாரி வந்து நிற்கும், மரம் தயாராக இருக்காது.

சரியான எண் வேண்டுமென்றால் அளப்பதைத் தவிர வழியில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் அரைமணி நேரத்தில் கெப்போங். அங்குள்ள வன ஆய்வு நிறுவனம், நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1980களில் 50 ஹெக்டேரைக் குறித்தது. 1 செ.மீ. விட்டம் தொட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு: மூன்று லட்சத்துக்கும் மேல், 800க்கும் அதிகமான இனங்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை அத்தனையையும் மறுபடி அளக்கிறார்கள்.

பாட்டியிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "கிராணிக்குத்தான்டா எல்லா மரமும் ஒண்ணு. எது பால் தரும், எது காஞ்சு கெடக்குன்னு வெட்டுறவளுக்குத்தானே தெரியும்" என்றார்.

1978இல் வெட்டிய காட்டுக்கு 2008இல் முதல் தவணை முடிந்தது. அடுத்தது 2038. அதற்குள் அந்த 0.8 எந்த மரத்தை அளந்து வந்தது என்று கேட்க நமக்கு நேரம் இருக்கிறது.