சவுக்கு வேரும் செங்கால் மரவட்டையும்

கிழக்காபிரிக்காவிலே, மொம்பாசா நகருக்கு வடக்கே, இந்துசமுத்திரக் கரையோரமாகப் பம்புரி என்னும் ஊர் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வளர்ந்த பவளப்பார் அங்கே தரையாக எழுந்து நிற்கின்றது. பவளப்பார் சுண்ணாம்புக் கல்லன்றோ? 1950களில் அங்கே சீமெந்து ஆலையொன்று எழுந்தது. வெடிவைத்துக் கல்லகழ்ந்த இடமெல்லாம், நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்று மேலாக, வெண்ணிறப் பாலையாகக் கிடந்தது. காங்கேசன்துறையிற் சீமெந்துக்காகக் கல்லகழ்ந்த குழிகளைக் கண்ட நேயர்களுக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1971 ஆம் ஆண்டில் அப்பாலையிலே மரம் வளர்க்க முற்பட்டவர் றெனே ஹாலர் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர். 1959 முதல் அவ்வாலையிற் பணியாற்றியவர், பயிர்த்தொழில் கற்றவர். எனினும் அவர் கற்றது மண்ணுள்ள நிலத்துக்குரிய கல்வி. இங்கோ மண் என்று சொல்லத்தக்கது ஒரு பிடியேனும் இல்லை. வேர் ஊன்றுவதற்குப் பிடிமானம் வேண்டும். மூச்சுவிடக் காற்று வேண்டும். நைதரசன் முதலிய உணவும் வேண்டும். கற்பொடியிலே நைதரசன் அரிது. சுண்ணாம்பு மிகுந்தமையால் இரும்பும் பொசுபரசும் வேருக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும். கீழே ஊறும் நீரோ உவர்.

அவர் 26 வகை மரக்கன்றுகளை நாட்டிப் பார்த்தார். தப்பிப் பிழைத்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று தென்னை, மற்றொன்று சவுக்கு. உவர்க்காற்றுக்கு அஞ்சாத சவுக்கை நம்மவர் நன்கு அறிவர். ஆனால் அதன் வேரிலே மறைந்திருக்கும் துணையைப் பலர் அறியார். பிராங்கியா என்னும் நுண்ணுயிர் அவ்வேரினுட் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு உணவாக்கிக் கொடுக்கின்றது. பயறு, உழுந்து ஆகியவற்றின் வேர்முடிச்சு செய்வதும் இத்தொழிலே. அங்கு வாழும் நுண்ணுயிர் மாத்திரம் வேறு.

மரங்கள் ஓங்கின, மண் மாத்திரம் பிறக்கவில்லை. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மக்காமல், மெத்தைபோல மேன்மேலும் படிந்து கிடந்தன. அவற்றிலே செறிந்த துவர்ப்பொருளான தனின், அவற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுத்து நின்றது. வேர் தேடிக் கொடுத்த நைதரசன் இவ்வாறு காய்ந்த சருகிலே சிறைப்பட்டுவிட்டது.

அவ்வேளையிலேதான் சிவந்த கால்களையுடைய மரவட்டையொன்று அவ்வூசிகளைக் கறிப்பதை ஹாலர் கண்டார். வேறொருவராயின் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார். இவரோ சுற்றுப்புறத்திலிருந்து நூற்றுக்கணக்கான மரவட்டைகளைச் சேர்த்துக் கொணர்ந்து மரங்களின் அடியில் விடுவித்தார். அவை ஊசிகளைத் தின்று எச்சமிட்டன. துண்டுபட்டு நெகிழ்ந்த அவ்வெச்சத்திலே நுண்ணுயிர்கள் எளிதிற் குடியேறின. கரிய மக்குப் படையொன்று, மிக மெல்லியதேயாயினும், வெண்கல்லின்மேற் படர்ந்தது. சவுக்கு வித்துகள் தாமாகவே அதில் முளைத்தன. அவரது முயற்சி முழுவதிலும் இச்சிறு கவனத்தையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

சவுக்கு அந்நாட்டுக்கு வந்தேறிய மரம். அது தனியே நின்றாற் காடாகாது, தோப்பாகவே நிற்கும். ஆதலால் காலப்போக்கில் அதனை இடையிடையே வெட்டி, நாட்டு மரங்களை நிழலிலே நாட்டினர். வெட்டிய மரம் கம்பமாகவும் விறகாகவும் பயன்பட்டது. குழிநீரில் மீன் வளர்த்தனர். பின்னர் மான்களும் ஒட்டைச்சிவிங்கிகளும் வந்தன. முன்பு அக்கரையிலிருந்த காடே மீண்டுவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. இது வேறொரு காடு. 1987 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் ஹாலருக்கு விருதளித்தது. இன்று அவ்விடம் அவர் பெயராலேயே ஹாலர் பூங்கா என வழங்குகின்றது.

2004 திசெம்பர் 26 ஆம் நாள் நம் கரைகளிற் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன கடற்கோள் கென்யக் கரையையும் தொட்டது. அப்போது தாயைப் பிரிந்து மாலிந்திக் கடலிலே தத்தளித்த நீர்யானைக் கன்றொன்றை மீட்டுக் கொண்டுவந்து விட்டது இப்பூங்காவிலேதான். அங்கே அது முதிய பேராமை ஒன்றின் அருகே போய்ப் படுத்துக்கொண்டது.