மெழுகு பூசிய மணல்: கலிபோர்னியாவின் செயற்கைப் பந்தயத் தரை

குதிரைப் பந்தயம் ஐரோப்பாவில் பெரும்பாலும் புல்தரையிலும், அமெரிக்காவில் கிளறிச் சமன்செய்த மண்தரையிலும் வளர்ந்தது. இவற்றுடன் மூன்றாவதாகச் சேர்ந்த செயற்கைத் தரை, சிலிக்கா மணலுடன் செயற்கை இழைகளையும் ரப்பர்த் துகள்களையும் கலந்து, மணல்மணிகள்மீது மெழுகு படியச் செய்து, நீர் கசியும் தார்த்தளத்தின்மேல் பரப்பப்படுவதாகும். மழைநீர் தேங்காமல் நேரே கீழிறங்கிவிடுமாதலால் எப்பருவத்திலும் தரை ஒரே தன்மையில் இருக்கும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

இத்தரை முதலில் குதிரையின் நலம் கருதிப் பரப்பப்பட்டதன்று. இங்கிலாந்தில் உறைபனியாலும் மழையாலும் குளிர்காலப் பந்தயங்கள் தடைப்பட்டமையால், பந்தய நாட்காட்டியைக் காப்பதற்காகவே 1989 அக்டோபரில் லிங்ஃபீல்டிலும் அதையடுத்துச் சவுத்வெல்லிலும் அது பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே நடத்தப்பட்ட தடைதாண்டும் பந்தயங்களில் குதிரைகள் பல இறந்தமையால், 1994இல் அவ்வகைப் பந்தயம் மட்டும் செயற்கைத் தரையிலிருந்து விலக்கப்பட்டது.

பாதுகாப்பின் பெயரால் அத்தரையை வரவேற்றது அமெரிக்காவே. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை பாய்ந்தோடும்போது, தன் எடையைவிட மிகுந்த விசையை ஒற்றை முன்காலில் தாங்க நேர்கிறது. கால் முறிந்தபின் எஞ்சிய கால்களில் நெடுநாள் நிற்க அதன் உடலமைப்பு இடந்தராதாகையால், கடும் முறிவு பெரும்பாலும் கருணைக்கொலையில் முடிகிறது. 2005இல் கென்டக்கியின் டர்ஃப்வே பார்க் செயற்கைத் தரைக்கு மாறியதை அடுத்து, கலிபோர்னியக் குதிரைப் பந்தய வாரியம் மாநிலத்தின் பெரிய திடல்கள் 2007 முடிவதற்குள் அவ்வாறே மாற வேண்டும் என்று 2006இல் ஆணையிட்டது.

ஆணை விரைந்து நிறைவேறினும், தரை எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. அம்மாநிலத்தின் சான்டா அனிட்டா திடலில் கலவையின் நுண்துகள்கள் வடிகாலை அடைத்து நீரைத் தேக்கியதால் 2008 ஜனவரியில் பல நாள் பந்தயங்கள் கைவிடப்பட்டன. வெயிலில் மெழுகு இளகுவதால், காலைப் பயிற்சியில் ஒரு விதமாகவும் பிற்பகல் பந்தயத்தில் வேறு விதமாகவும் குளம்பு பதிந்தது. பின்னங்கால் தசைகளில் காயம் மிகுந்ததாகப் பயிற்சியாளர் சிலர் முறையிட்டனர். 2008இல் அங்கு நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் ஐரோப்பியப் புல்தரைக் குதிரைகளான ரேவன்ஸ் பாஸும் ஹென்றிதநேவிகேட்டரும் முதலிரண்டு இடங்களைப் பெற, அமெரிக்க மண்தரையின் முதன்மைக் குதிரையான கர்லின் நான்காவதாக வந்தது. கென்டக்கி டெர்பி முதலிய பெரும் பந்தயங்கள் மண்தரையிலேயே நடக்கும் நாட்டில், மண்தரை வெற்றியை விலையின் அளவுகோலாகக் கொண்ட இனவிருத்தித் தொழிலுக்கு இது உவப்பாக இருக்கவில்லை.

சான்டா அனிட்டா 2010 இறுதியிலும், மாநிலத்தின் மற்றொரு திடலான டெல் மார் 2015இலும் மண்தரைக்குத் திரும்பின. ஆனால், பந்தயக் குதிரைகளைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான ஜாக்கி கிளப் தொகுத்துவரும் காயப் பதிவேட்டின் 2009 முதலான ஐந்தாண்டுக் கணக்கில், பந்தயமேறிய ஒவ்வோர் ஆயிரம் தடவைக்கும் நேர்ந்த குதிரை இறப்பு, மண்தரையில் இரண்டையும் செயற்கைத் தரையில் 1.2ஐயும் ஒட்டியிருந்தது. 2018–19 பருவத்தில் சான்டா அனிட்டாவில் 30 குதிரைகள் இறந்தபோது, கனமழை, மருந்துப் பயன்பாடு, பயிற்சி முறை ஆகியவற்றுடன் தரை குறித்த பழைய வாதமும் மீண்டும் எழுந்தது. எனவே, கலிபோர்னியாவில் செயற்கைத் தரை கைவிடப்பட்டதற்குப் பராமரிப்புச் சிக்கலும் வணிக நலனுமே காரணங்களாயினவேயன்றி, உயிர்க்காப்பில் அது தோற்றதாகக் கொள்வதற்கு அப்பதிவேடு இடந்தரவில்லை.