புனித தெரேசா செபிக்காதிருந்த காலம்



அக்டோபர் 15 அன்று நாம் விழாக் கொண்டாடும் அவிலா நகர் புனித தெரேசாவைச் செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றுகிறது. 1970-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். பெண்களுள் அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் அவரே. அப்படிப்பட்டவர் ஓராண்டுக்கும் மேலாகத் தனிச்செபத்தை அடியோடு விட்டிருந்தார் என்றால் நம்புவோமா? அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

1515-இல் ஸ்பெயின் நாட்டில் பிறந்த தெரேசா, 20 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். விரைவில் கடும் நோய் தாக்கியது. நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தவருக்கு மடத்தில் கல்லறைக் குழிகூட வெட்டி வைத்துவிட்டார்கள். பிழைத்தார், ஆனால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடக்குவாதம். அந்த நாள்களிலும் செபித்தவர், உடல் தேறி நடமாடத் தொடங்கிய பிறகுதான் செபத்தை விட்டார். நோயில் செபித்து, நலம் வந்ததும் மறப்பது நமக்கும் புதிதல்லவே!

அந்நாளில் மடத்தின் சந்திப்பறைக்கு ஊரார் தாராளமாக வந்து போவார்கள். தெரேசா கலகலப்பாகப் பேசுகிறவர். பேச்சும் சிரிப்புமாக நேரம் போனது. பிறகு வெட்கம் வந்தது: இப்படி வாழும் நான் எந்த முகத்தோடு ஆண்டவர் முன் தனியே போய் அமர்வது? எல்லாரையும்போல வாய்ச்செபம் சொன்னால் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். அதைத் தாழ்ச்சி என்றே எண்ணினார். பிற்காலத்தில், தம் வாழ்வில் வந்த மிகக் கொடிய சோதனை அதுதான் என்று எழுதினார். பாவம் செய்ததைவிட, பாவியாகிய நான் செபிக்கக் கூடாது என்று ஒதுங்கியதே அவருக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. ‘சாமி, நான் கோயிலுக்கு வரும் நிலையில் இல்லை’ என்று நம் பங்குகளில் சொல்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இதில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. தம் தந்தைக்குத் தியான செபத்தைக் கற்றுக்கொடுத்தவரே தெரேசாதான். தந்தை அதில் வெகுவாக முன்னேறினார். மகளோ நிறுத்திவிட்டார். தந்தையை ஏமாற்ற மனமின்றி, தாம் இப்போது செபிப்பதில்லை என்று சொன்னார். ஆனால் உடல்நிலையைக் காரணம் காட்டினார். நல்ல மனிதர், அப்படியே நம்பினார். அதன்பின் மகளைப் பார்க்க வந்தாலும் நெடுநேரம் தங்குவதில்லை. பேச்சில் நேரம் வீணாகிறது என்று எழுந்து போய்விடுவார். செபிக்கப் போகும் தந்தையை, செபத்தை விட்ட மகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

1543-இல் தந்தை இறந்தார். அவருடைய ஆன்ம குருவாயிருந்த தோமினிக் சபைக் குரு ஒருவர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நற்கருணை வாங்கவும், செபத்தை மறுபடி தொடங்கவும் தெரேசாவைப் பணித்தார். அதன்பின் அவர் செபத்தை விடவே இல்லை.

உடனே இன்பம் பொங்கியதா? இல்லை. செப அறைக்குள் நுழையும்போதே சோர்வு வந்து கவ்வும். எப்போது மணி அடிக்கும் என்று காது காத்திருக்கும். கையில் புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரவே அஞ்சினார். இப்படியே ஆண்டுகள் பல. 1554-இல், காயப்பட்ட கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் கண்ணீரோடு விழுந்த நாளில்தான் பெரிய திருப்பம் வந்தது. அப்போது அவருக்கு வயது 39.

பின்னர் அவர் செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டார். முதலில் கிணற்றில் வாளி விட்டு இறைக்க வேண்டும், பிறகு சக்கரத்தால் இறைக்கலாம், அதன்பின் ஆற்றுநீர், கடைசியில் மழை. மழையைப் பற்றித்தான் நாம் ஆசையாகக் கேட்போம். தெரேசாவோ கிணற்றடியிலும் பொறுமையாக நிற்கிறார். கை வலிக்க இறைத்தும் வாளி வெறுமையாக வரும் நாள் உண்டு. அன்றும் தோட்டக்காரன் போகக் கூடாது, தோட்டம் ஆண்டவருடையது, செடியைக் காப்பாற்ற அவருக்குத் தெரியும் என்கிறார்.

அவருக்கு ஒரு சிறு பழக்கம் இருந்தது. மடத்தில் சேருமுன்பே தொடங்கியது. இரவு தூங்குமுன், கெத்சமனித் தோட்டத்தில் தனியாக வியர்வை சிந்தும் இயேசுவைச் சற்று நேரம் நினைத்துக்கொள்வார். முடிந்தால் அந்த வியர்வையைத் துடைத்துவிட ஆசைப்படுவார். அதற்குச் செபம் என்று பெயர் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.